பூனையின் பின்னங்கால் சில்லிட்டால்

விடியற்காலை நாலரை மணி இருக்கும். மாடிப்படிக்குக் கீழே ஓர் அலறல். சண்டைக்கு முன்னால் பூனைகள் இழுத்து இழுத்துக் கத்துமே, அது இல்லை. கைக்குழந்தை வீறிடுவது மாதிரி, விடாமல். டார்ச்சோடு போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கடுவன். ஆறு வயசு, சாம்பல் நிறம், நல்ல தீனி தின்ற உருண்டை உடம்பு. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறது. பின்னங்கால் இரண்டும் நனைந்த துணி மாதிரி தரையில் தேய்கின்றன. வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்குகிறது. முந்தின ராத்திரி பத்து மணிக்கு இதே பூனை எங்கள் மதில்மேல் நடந்துபோனதை நான் பார்த்தேன்.

பத்து நிமிஷத்தில் வாசலில் ஆள் கூடிவிட்டது. கூடவே ஆளுக்கொரு நோய்க்கணிப்பு. “எவனோ கட்டையால அடிச்சிருக்கான்” என்றார் எதிர்வீட்டுக்காரர். “மொட்டை மாடியிலேர்ந்து விழுந்திருக்கும்” என்றது ஒரு குரல். ஒரு பாட்டி வாதம் என்றார். வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னார். பூனைக்குச் சொந்தக்கார அக்கா வீட்டுக்குள் ஓடி, தன் பையனுக்கு வாங்கி வைத்திருந்த காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்து எடுத்து வந்தார். அதைத் தடுத்ததுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

யாரும் செய்யாத ஒன்று, அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பது. முன்னங்கால் பாதம் கதகதப்பாக இருந்தது. பின்னங்கால் பாதம் பானைத்தண்ணீரில் கிடந்த கூழாங்கல் மாதிரி சில்லென்றிருந்தது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய பாத மெத்தை வெளுத்து, ஓரத்தில் நீலம் ஓடியிருந்தது. அடிபட்ட காலுக்கும் வாதத்துக்கும் இப்படிச் சில்லிடாது. ரத்தம் போகாத காலுக்குத்தான் இந்தக் குளிர்ச்சி வரும்.

நோய் காலில் இல்லை. இதயத்தில் இருக்கிறது.

பூனைகளுக்கு வரும் இதயநோய்களில் முதலிடம் இதயத்தசை தடிப்புக்கு. இடது கீழறையின் சுவர் உள்நோக்கித் தடித்துக்கொண்டே போகும். சுவர் தடித்தால் பலம் கூடும் என்று தோன்றலாம், நடப்பது நேர்மாறு. தடித்த சுவர் விறைத்துப் போகிறது. ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் தளர்ந்து கொடுக்க மாட்டேன் என்கிறது. அதனால் மேலே இருக்கும் இடது மேலறையில் ரத்தம் தேங்குகிறது. மேலறை பலூன் மாதிரி விரிகிறது. அதன் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சின்னப் பை உண்டு. குளத்தில் தண்ணீர் ஓடாத மூலையில் பாசி படிகிற மாதிரி, ஓட்டம் குறைந்த ரத்தம் அந்தப் பையில் உறையத் தொடங்கும். எக்கோ ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்கள் இதைத் திரையில் நேரடியாகவே காண்பார்கள். உறைவதற்கு முன்னால் அந்த ரத்தம் ஊதுபத்திப் புகை போலச் சுழன்றுகொண்டிருக்கும். அவர்கள் பேச்சிலும் அதற்குப் பெயர் ‘ஸ்மோக்’தான்.

ஒரு நாள் அந்தக் கட்டி, முழுசாகவோ துண்டாகவோ, பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. இதயத்திலிருந்து வெளியேறும் பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி நேராகக் கீழே இறங்கி, இடுப்புக்கு வந்ததும் கவட்டை போலப் பிரிகிறது. ஒரு கிளை இடது காலுக்கு, ஒன்று வலது காலுக்கு. அந்த இடத்தில் குழாய் ஏறக்குறைய பேனா ரீஃபிள் பருமன்தான். வேகமாக வந்த கட்டி கவட்டையில் உட்கார்ந்து, இரண்டு கிளைக்கும் கால் போட்டுக்கொள்கிறது. குதிரைமேல் சேணம் உட்கார்ந்திருப்பதைப் போல இருப்பதால் ‘சேணக்கட்டி’ என்றே மருத்துவ உலகம் இதைச் சொல்லும். சில பூனைகளில் கட்டி சிறியதாக இருந்து ஒரு பின்னங்காலை மட்டும் அடைக்கும். சிலவற்றில் முன்னங்காலுக்குப் போகும். அப்போது பூனை நொண்டும், அவ்வளவுதான், பலரும் சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். சிறுநீரகத்துக்கோ மூளைக்கோ போவதும் உண்டு.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. பெருந்தமனி அடைபட்டாலும் கால் உடனே செத்துவிட வேண்டிய அவசியமில்லை. பெரிய வாய்க்காலில் மடை அடைத்துக்கொண்டால் பக்கத்துச் சிறு வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போய்விடுமே, அது போல முதுகுத் தசைகளுக்குள் ஓடும் கிளைக்குழாய்கள் விரிந்து காலுக்கு ரத்தம் கொடுக்க முடியும். 1970-களில் ஆய்வுக்கூடப் பூனைகளில் இதைச் சோதித்தார்கள். தமனியை வெறும் நூலால் கட்டினால் பூனைக்குக் கால் பெரிதாக விழவில்லை. அதே இடத்தில் ரத்தக்கட்டி இருந்தால் விழுந்தது. காரணம், கட்டி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அதற்குள் இருக்கும் ரத்தத்தட்டுகள் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைக் கக்குகின்றன. அவை பக்கத்துக் கிளைக்குழாய்களையும் சுருங்கச் செய்கின்றன. பெரிய மடையை அடைத்தவனே சுற்றியிருக்கும் சின்ன மடைகளையும் இழுத்துச் சாத்திவிடுகிறான். நரம்பும் தசையும் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கின்றன. அந்த அலறலுக்குக் காரணம் இதுதான். சில மணி நேரத்தில் கெண்டைத்தசை பலகை மாதிரி இறுகிவிடும்.

எந்தப் பூனைக்கு வரும்? கடுவன்களுக்குக் கூடுதல், ஏனென்றால் தசைத் தடிப்பே அவற்றுக்குத்தான் அதிகம். மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணு மாற்றத்தை 2005-லும் 2007-லும் கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. பெர்சியனுக்கும் வரும். ஆனால் ‘நம்முடையது நாட்டுப்பூனை, இதெல்லாம் வராது’ என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். பிரிட்டனில் காப்பகங்களில் இருந்த, பார்வைக்கு ஆரோக்கியமான 780 பூனைகளை ஸ்கேன் செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 15 பூனைகளுக்கு இதயத்தசை தடித்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் கலப்புப் பூனைகள்தான். அத்தனைக்கும் கட்டி உருவாகப் போவதில்லை. பல பூனைகள் இந்தத் தடிப்போடேயே முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கும். மேலறை விரிந்தவற்றுக்குத்தான் ஆபத்து. கொடுமை என்னவென்றால், கால் விழுந்து வரும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதயநோய் இருப்பது அந்த நிமிஷம்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. நாய் என்றால் இருமும், நடக்கும்போது களைக்கும். பூனை களைத்தால் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்திருக்கும் பூனையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

தைராய்டு மிகைச் சுரப்பும், வயதான பூனைகளில் நுரையீரல் புற்றுநோயும் சில சமயம் காரணமாகின்றன. இவற்றைத் தவிர நம் வீடுகளோடு சம்பந்தப்பட்ட ஒரு காரணமும் இருக்கிறது, தயிர்சாதம். பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து தேவை. போதுமான அளவு தானே செய்துகொள்ள அதனால் முடியாது. இறைச்சி, மீன் இவற்றில்தான் அது நிறைய இருக்கிறது. டாரின் இல்லாவிட்டால் இதயம் தொளதொளத்து விரிகிறது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவர் 1987-ல் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரினைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இந்த வகை நோய் அங்கே அருகிப்போனது. பாலும் சோறும் மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகளில் அந்த ஆபத்து இன்னும் இருக்கிறது. விரிந்த இதயத்திலும் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். சைவ வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பூனையைச் சைவமாக்கக் கூடாது என்கிறேன். இந்த ஒரு வகையை மட்டும் நேரத்தில் பிடித்தால் டாரின் கொடுத்தே இதயத்தைப் பெருமளவு மீட்டுவிடலாம்.

சரி, உங்கள் வீட்டில் நடந்துவிட்டது. பூனை பின்னங்காலை இழுக்கிறது, கத்துகிறது. முதலில் நான்கு பாதங்களையும் தொட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் சூடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாத மெத்தையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் பூனையாக இருந்தால் மெத்தையில் தெரியாது, நகக்கண்ணில் தெரியலாம். தொடையின் உட்பக்கம், ஏறக்குறைய நடுவில், இரண்டு விரலை மெல்ல வைத்தால் நாடி துடிக்க வேண்டும். கொழுத்த பூனையில் அதைக் கண்டுபிடிப்பது சிரமம்தான், கிடைக்கவில்லை என்றால் அதற்காக நேரத்தைக் கடத்தாதீர்கள். வலி, விழுந்த கால், குளிர்ச்சி, வெளுப்பு, நாடி இல்லாமை, இந்த ஐந்தும் சேர்ந்திருந்தால் வேறு நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பூனைக்கும் கால் விழும், ஆனால் பாதம் சூடாக இருக்கும், நாடி துடிக்கும். கட்டுவிரியன் கடித்தால் உடம்பு முழுக்கத் துவளும், இமை தொங்கும். இப்படிப் பின்பாதி மட்டும் விழுந்து அலறாது.

கிளினிக்கில் மருத்துவரும் இதையேதான் செய்வார், கொஞ்சம் கருவிகளோடு. நாடி ஓசையைக் கேட்க டாப்ளர் வைப்பார். சிலர் நகத்தைச் சதைவரை வெட்டிப் பார்ப்பார்கள். ரத்தம் வராது, வந்தாலும் கறுப்பாகக் கசியும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. சர்க்கரை பார்க்கும் கருவியால் முன்னங்காலிலும் பின்னங்காலிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்துப் பார்த்தால், அடைபட்ட காலில் சர்க்கரை அளவு குறைவாக இருக்கும். புது ரத்தம் வராததால் இருந்த சர்க்கரையைத் தசை தின்று தீர்த்திருக்கும்.

போகும் வழியில் செய்யக் கூடாதவைதான் முக்கியம். மனிதர்களுக்கான எந்த வலி மாத்திரையும் வேண்டாம். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் செய்ய முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு காப்பிக்கொட்டை நிறமாகும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஆஸ்பிரினையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், பூனை உடம்பில் அது நாள்கணக்கில் தங்கும். தேய்த்துவிடாதீர்கள், அந்தத் தசை ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது. குளிர்கிறதே என்று வெந்நீர்ப் பையைக் காலில் வைக்காதீர்கள். சூட்டை எடுத்துப் போக அங்கே ரத்தம் இல்லை, சுடுகிறது என்று சொல்ல உணர்ச்சியும் இல்லை, தோல் வெந்துபோகும். தடித்த துண்டில் சுற்றி, அடி தட்டையான அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் கூடையிலோ வைத்துக் கொண்டுபோங்கள். செல்லம் என்று முகத்துக்கு அருகே தூக்காதீர்கள்; வலியில் அது யாரையும் கடிக்கும். கிளம்பும் முன் போன் செய்து, பூனை பார்ப்பார்களா, ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போய், “ஒரு டிரிப்ஸ் போட்டு விடுங்க டாக்டர்” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நம் ஊரில் எந்த நோய்க்கும் குளுக்கோஸ் ஏற்றினால் ஒரு திருப்தி. இந்தப் பூனைகளில் ஏறக்குறைய பாதிக்கு அந்த நேரத்தில் இதயச் செயலிழப்பும் சேர்ந்தே இருக்கும், நுரையீரலில் நீர் கோத்திருக்கும். மேலும் திரவம் ஏற்றினால் அது மூழ்கும். ‘நரம்புக்கு ஊசி’யும் அப்படியே, வைட்டமின் குறைந்து விழுந்த கால் இல்லை இது.

முதலில் வேண்டியது வலி நிவாரணம். ஓபியாய்டு வகை மருந்து, தாராளமான அளவில், உடனே. பிறகு ஆக்சிஜன், நுரையீரல் நீரை இறக்க ஃபியூரோசிமைடு, கட்டி மேலும் வளராமல் இருக்க ஹெப்பாரின். ‘கட்டியைக் கரைக்க மருந்து இல்லையா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது. மனிதர்களுக்கு மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் கொடுக்கும் அதே மருந்தைப் பூனைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், கொடுத்தவற்றுக்கும் கொடுக்காதவற்றுக்கும் உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அறுத்து எடுப்பதும் பொதுவாகப் பலன் தருவதில்லை. கட்டி கரைகிற தருணத்தில் வேறோர் அபாயம் காத்திருக்கிறது. செத்த தசையில் சேர்ந்திருந்த பொட்டாசியமும் அமிலமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். கால் சூடாகத் தொடங்கிவிட்டது என்று வீட்டார் மகிழும் நேரத்தில் பூனை இறந்துபோவது இதனால்தான். முதல் மூன்று நாளும் மருத்துவமனைக் கண்காணிப்பு கேட்பதன் காரணமும் இதுவே.

பிழைக்குமா? பூசி மெழுகாமல் சொல்கிறேன். பிரிட்டனில் சாதாரணக் கிளினிக்குகளுக்கு வந்த 250 பூனைகளைப் பற்றிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 61 சதவீதம் வந்த உடனேயே கருணைக்கொலை செய்யப்பட்டன. முதல் நாளைத் தாண்டிய 68 பூனைகளில் 30 ஒரு வாரத்தையும் தாண்டின. ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவை ஆறு. இந்தக் கணக்கில் ஒரு கோணல் இருக்கிறது. முயன்றே பார்க்காமல் முடித்து வைக்கப்பட்டவை இத்தனை என்பதால், முயன்றிருந்தால் எத்தனை பிழைத்திருக்கும் என்பதை இது சொல்லாது. எந்தப் பூனைக்கு முயலலாம் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒரு கால் மட்டும் விழுந்திருந்தால், அல்லது காலில் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருந்தால், வாய்ப்பு கணிசமாகக் கூடும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி இன்னொரு சாட்சி. பூனையின் இயல்பு வெப்பம் 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட். மினசோட்டா பல்கலைக்கழகம் 127 பூனைகளை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட கட்டுரையில், வந்தபோது வெப்பம் 99 அளவில் இருந்தவற்றுக்குப் பிழைக்கும் வாய்ப்பு சரிபாதி. அதற்குக் கீழே இறங்க இறங்க வாய்ப்பும் இறங்கியது.

பக்கத்து வீட்டுக் கடுவனுக்கு 95 இருந்தது. கிளினிக் திறக்கும் ஒன்பது மணிவரை அது அலறிக்கொண்டே இருந்தது. இரவில் பார்க்கும் இடம் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருத்துவர் முதலில் வலி ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் அலறல் நின்றது. அதற்குப் பிறகுதான் அக்காவிடம் உட்கார்ந்து பேசினார். பகல் பன்னிரண்டுக்குப் பூனையைத் தூங்கவைத்தார்கள். பூனையைக் கொன்றால் பாவம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவார். என் தீர்ப்பு வேறு. அந்த நாலரை மணி நேர அலறல்தான் பாவம். அதே சமயம், பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில், பூனை கத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முடிவெடுக்கவும் கூடாது. வலியைத் தணித்துவிட்டு, எத்தனை கால், எவ்வளவு வெப்பம், நுரையீரல் எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகு எடுக்கும் முடிவு எதுவானாலும் அது நியாயமான முடிவு.

பிழைத்த பூனைகளுக்குக் கால் மெல்லத் திரும்பும். முதலில் தொடை, பிறகு கணுக்கால், கடைசியாகப் பாதம். இரண்டு வாரம் முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். சில பூனைகள் குதிகாலைத் தரையில் பதித்து முயல் மாதிரி நடக்கும், சிலவற்றுக்கு விரல் மடங்கியே இருக்கும். மரத்த காலைத் தானே கடித்துக்கொள்கிறதா, தோல் கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி வராமல் தடுக்க குளோபிடோக்ரல், மனிதர்களுக்கு ஸ்டென்ட் வைத்தபின் கொடுக்கும் அதே மருந்து. 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, அதாவது 18.75 மில்லிகிராம், தினம் ஒரு வேளை. ஒருமுறை கட்டி வந்து பிழைத்த 75 பூனைகளுக்கு இதையும் ஆஸ்பிரினையும் கொடுத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015-ல் வந்தது. மறுதாக்குதல் வர ஆஸ்பிரின் குழுவில் இடைநிலையாக 192 நாள் ஆனது, குளோபிடோக்ரல் குழுவில் 443 நாள். மேலறை விரிந்திருப்பது ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்தால் முதல் தாக்குதலுக்கு முன்பே இதைத் தொடங்குவார்கள். மருத்துவர் அளவு சொன்ன பிறகுதான், நீங்களாக அல்ல. ஒரு நடைமுறைத் தொல்லை: மாத்திரை வேப்பங்காய்க் கசப்பு. நாக்கில் பட்டால் பூனை வாயெல்லாம் நுரை தள்ளி, மறுநாள் உங்களைக் கண்டாலே கட்டிலடியில் ஒளியும். மருந்துக்கடையில் கிடைக்கும் காலி ஜெலட்டின் கேப்சூலில் வைத்து அடைத்துக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கி இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள். உங்கள் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுப்பவர் யார் என்பதை இன்றே விசாரித்து, எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இன்றிரவு பூனை அயர்ந்து தூங்கும்போது, தொடாமல், அரை நிமிஷம் அதன் விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பதினைந்துக்குள் இருக்க வேண்டும். அடுத்தடுத்த நாளும் எண்ணி, அதற்கு மேலேயே வந்துகொண்டிருந்தால் எக்கோ ஸ்கேனுக்கு நேரம் கேளுங்கள்.